பால் வாங்கப் போனவங்க திரும்பி வரல

சீரியலுக்கு வசனம் எழுதுறவன்னு வெளியில சொல்லிக்கிறேனே தவிர, நான் பேனாவைத் தொட்டு எட்டு வருஷம் ஆச்சு. நான் எழுதுறதில்ல, பேசுறேன். புதுச்சேரி பக்கம் உறுவையாத்துல எங்க வூட்டு மாடியில தகரம் போட்ட ரூம் ஒன்னு இருக்கு. காலையில எட்டு மணிக்கு அதுல ஏறி, ஃபேனைப் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கினு, மாமியாரா, மருமவளா, வில்லனா, போலீஸா மாறி மாறிப் பேசி, வாய்ஸ் மெசேஜாப் போட்டு சென்னைக்கு அனுப்பிடுவேன். அங்க அசோசியேட்டு ஒருத்தர் இருக்காரு. டைரக்டருக்கு அடுத்த ஆளு, என்னைவிட ரெண்டு வயசு பெரியவரு. நான் பேசுனதைக் கேட்டு டைப் அடிச்சு, ஷூட்டிங்ல நடிகருங்க கையில குடுக்குறது அவரு வேலை.

மாமியார் கொரல்ல நான் கதறி அழுதாலும் எங்க தெருவுல ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. பழகிப்போச்சு. ஒரு தடவ வெளியூர்லேர்ந்து நடவுக்கு வந்த பொம்பளைங்க நாலு பேரு, யாரோ ஒருத்திய அடிக்கிறாங்கன்னு மாடிப்படி ஏறி ஓடியாந்துட்டாங்க. வந்து பாத்தா மீசை வச்ச ஆம்பள ஒருத்தன் தனியா பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்துக்கினு, "அத்த, என்ன வெளிய தள்ளிடாதீங்க அத்த"ன்னு கும்புட்டுக்கினு கெடக்குறான். சத்தம் போடாம எறங்கிப் போயிட்டாங்க. பாவம், என்னன்னு நெனைச்சாங்களோ.

எனக்குக் கோவம் கொஞ்சம் சாஸ்தி. அதை இப்பவே சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி வந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். ஒரு நாள் நான் "கம்முனு கெட"ன்னு பேசி அனுப்புனதை அந்த அசோசியேட்டு "அமைதியாக இரு"ன்னு டைப் அடிச்சுட்டாரு. டிவியில அந்த வில்லன், கையில அருவாளோட, "அமைதியாக இரு"ங்கிறான். பள்ளிக்கூட வாத்தியாரு மாதிரி இருந்துது. எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். அரை மணி நேரம் ஃபோன்ல கத்துனேன். இனிமே நான் பேசுனதுல ஒரு எழுத்தைத் தொட்டாலும் நான் மனுஷனா இருக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து அவரு ஒரு எழுத்தைத் தொடல. நான் நடுவுல தொண்டையைச் செருமுனா அதையும் "ம்க்கும்"னு அடிச்சு வைப்பாரு. ஒரு சீன்ல மாமியாரா நடிக்கிற அம்மா, அழுகைக்கு நடுவுல பொறுப்பா ஒரு தடவ செருமிட்டு மறுபடி அழுதாங்க.

என் சீரியலை எங்கம்மா பாக்காது. அதே ஏழரை மணிக்கு வேற சேனல்ல ஒன்னு ஓடுது, அதைத்தான் பாக்கும். ஏன்னு கேட்டா, உன் சத்தத்ததான் காலையிலேர்ந்து கேட்டுக்கினு கீறேனே, பொழுது போனப்புறமும் கேக்கணுமான்னு கேக்கும். ஆனா ஊர்ல யாராவது என் கதையக் கொற சொன்னா மட்டும், எங்கிட்ட ஏன் சொல்றீங்க, அவன்கிட்டயே கேளுங்கன்னு என் நம்பரைக் குடுத்துடும். வில்லியனூர் சந்தையில குடுத்துருக்கு. கோயில்ல குடுத்துருக்கு. பாகூர் போற டவுன் பஸ்ல கண்டக்டர்கிட்டயும் குடுத்துருக்கு. அப்படியே பரவி, சுத்துவட்டாரத்துல கொம்யூன் பஞ்சாயத்து ஒன்னுக்குப் பத்து பேராவது எனக்கு மெசேஜ் போட ஆரம்பிச்சாங்க.

நான் எல்லாருக்கும் பதில் போடுவேன். உள்ளதைச் சொன்னா, அதுல எனக்கு ஒரு போதை. மண்ணாடிப்பட்டு பக்கத்துல கரும்பு வச்சிருக்குற பெரியவர் ஒருத்தர், வில்லனை எப்ப அரெஸ்ட் பண்ணுவீங்க, கரும்பு வெட்டுறதுக்குள்ள பண்ணிடுவீங்களான்னு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கேப்பாரு. பாகூர்ல ஒரு கிறிஸ்தவ அம்மா, என் கதாநாயகிக்காக வாரா வாரம் ஜெபம் பண்ணிட்டு, பண்ண வெவரத்தை எனக்கு வாய்ஸ்ல அனுப்புவாங்க. அந்த வாரம் பாத்து நான் அவளை ஆஸ்பத்திரியில சேத்திருப்பேன். ஜெபம் போதலையா தம்பின்னு கேப்பாங்க. எனக்குக் குத்தமா இருக்கும். மறுநாளே டிஸ்சார்ஜ் பண்ணிடுவேன்.

இப்படி இருக்கறப்பதான் திருக்கனூர்லேர்ந்து அந்த மெசேஜ் வந்துது.

ஒரு பொண்ணு அனுப்புனது. வாய்ஸ் இல்ல, டைப் அடிச்சது. பூ, கை கும்புடுற பொம்மை, ஒன்னும் கெடையாது. முன்ன நான் எழுதி, ரெண்டு வருஷத்துக்கு முந்தி முடிஞ்ச சீரியலைப் பத்தி. அந்தக் கதையில வர்ற பெரிய வூட்டுல வேலை செஞ்ச அம்மா, குக்கரை அடுப்புல வச்சிட்டு, பால் வாங்கிக்கினு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாங்க, சீரியல் முடியற வரைக்கும் திரும்பி வரவே இல்ல, அவங்களுக்கு என்ன ஆச்சு சார்னு கேட்டிருந்துது. அவ்ளோதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த அம்மாவா நடிச்சவங்க வேற வேலை கெடைச்சு வராம நின்னுட்டாங்க. இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு நாங்க காத்திருந்து, அப்புறம் மறந்தே போயிட்டோம். டைரக்டர் மறந்தாரு, சேனல் மறந்துது, நான் மறந்தேன். தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்க பாத்த சீரியல், ஒரு ஆளு கேக்கல. வெட்கமா இருந்துது. அதே நேரத்துல சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். விசாரிச்சு சொல்றேன் மேடம்னு பதில் போட்டேன். நீங்கதானே சார் எழுதுனீங்க, யார்கிட்ட விசாரிப்பீங்கன்னு உடனே திரும்பி வந்துது.

சரி, மாட்டிக்கினேன். அன்னிக்கு சாயங்காலமே கண்ணை மூடி, அந்த அம்மாவா மாறி, நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சேன். பூத்துல பால் தீந்துபோச்சு, அடுத்த தெரு பூத்துக்கு நடந்தேன், அங்கயும் இல்லை, எதிர்ல பஸ் வந்துது, இருவத்திரெண்டு வருஷமா அடுத்தவங்க வூட்டுக்கே பால் வாங்குறேனே, இன்னிக்கு ஒரு நாள் ஏறித்தான் பாப்போமேன்னு ஏறிட்டேன். அப்படின்னு மூணு நிமிஷம் பேசி அனுப்புனேன். பத்து நிமிஷம் கழிச்சு ஒத்த வார்த்தை வந்துது: "குக்கர்?"

அந்தக் குக்கரை நிறுத்த பக்கத்து வூட்டு ஆளு ஒருத்தரைப் பெத்து வளத்து கூட்டியாற வேண்டியதாப் போச்சு. மெசேஜ் போட்ட அந்தப் பொண்ணுகிட்ட ஒன்னும் ஏமாத்த முடியாது. திருக்கனூர் பக்கம் மாட்டாஸ்பத்திரியில உதவியாளரா வேலை, முப்பத்தோரு வயசு, அப்பா கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிறவரு, இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுது. பால் வாங்கப் போன அம்மா ஒரு பசுமாடு வாங்குச்சுன்னு நான் சொன்னா, இன்னா மாடு, வேளைக்கு எத்தினி லிட்டர் கறக்கும்னு கேப்பாங்க. சென ஊசி போட்ட ஆறாவது மாசம் அந்த மாடு கன்னு போட்டுடுச்சுன்னு தெரியாம சொல்லிட்டேன். மாட்டுக்கு ஒம்போது மாசத்துக்கு மேல ஆவும் சார், மனுஷங்க கதையில பண்ற மாதிரி மாட்டுக்கும் பண்ணாதீங்கன்னு ஒரு வாங்கு வாங்குனாங்க. எனக்குக் கோவமே வரல. என் வசனத்துல ஒரு எழுத்தைத் தொட்டதுக்கு அரை மணி நேரம் கத்துனவன், அன்னிக்கு ஈன்னு இளிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்.

இப்ப ஓடுற சீரியலுக்கு அடுத்து நான் எழுதப்போற புதுசைப் பத்தியும் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், ஆனா அவங்க கேட்டா வாய் நிக்கல. அதுல கதாநாயகி டாக்டருன்னேன். எல்லா சீரியல்லயும் டாக்டருதான் சார், ஒரு தடவ மாட்டு டாக்டரா வையுங்களேன்னாங்க. மறுநாளே சேனல்ல பேசிப் பாத்தேன். மாட்டுக்கு மேக்கப் போட முடியாதுன்னுட்டாங்க.

சேனல் வேலையை ஓட்ட ஓட்டமா மதியத்துக்குள்ள முடிச்சுட்டு, சாயங்காலம் ஆனா பால் அம்மா கதைக்கு ஒக்காந்துடுவேன். மாசம் மூணு ஓடிப்போச்சு. வயசு முப்பத்தாறு. ரெண்டு மூணு எடத்துல பொண்ணு கேட்டுப் போயி, வேலை இன்னான்னு கேட்டு, மாடியில தனியா பேசுறதுதான் வேலைன்னு தெரிஞ்சதும் காப்பியோட அனுப்பிட்டாங்க. இனிமே அதெல்லாம் நமக்கில்லன்னு இருந்தவன், ஃபோன் டிங்குன்னா ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறுனேன். எங்கம்மா கீழேர்ந்து, பல்லு கில்லு வலிக்குதாடா, தனியா சிரிச்சிக்கினு கெடக்குறன்னு கேட்டுது.

நேர்ல பாத்துடணும்னு ஆயிடுச்சு. என்ன காரணம் சொல்லிக்கினு மாட்டாஸ்பத்திரிக்குப் போறது? எங்க வூட்டுல மாடு கெடையாது. கோழி ஒன்னு கீது. ஒரு நாள் காலையில அதைப் புடிச்சு, கட்டப்பையில போட்டு, தலைய மட்டும் வெளிய விட்டு, வில்லியனூர் போயி, அங்கேர்ந்து திருக்கனூர் பஸ்ஸைப் புடிச்சேன். வழி முழுக்க கோழி என்னையே பாத்துக்கினு வந்துது.

அங்க அவங்க ஒரு எருமைக்கு ஊசி போட்டுட்டு, கையக் கழுவிக்கினு, புடவைத் தலைப்புல தொடைச்சிக்கினே வந்தாங்க. மணிக்கட்டுல மாட்டுக் கயிறு அறுத்த தழும்பு ஒன்னு இருந்துது. கோழிக்கு இன்னான்னு கேட்டாங்க. எத்தினி ஆயிரம் வசனம் பேசுன வாயி, சோர்வா இருக்குதுன்னு மட்டும் சொல்லுச்சு. அந்தக் கோழி அப்பதான் மேசை மேல எறங்கி, யாரோ சிந்தி வச்சிருந்த தவுட்டை வளைச்சு வளைச்சுத் தின்னுது. எந்த ஊருன்னாங்க. உறுவையாறுன்னேன். வில்லியனூர்ல மாட்டாஸ்பத்திரி இல்லியா, இவ்ளோ தூரம் வந்தீங்கன்னு கேட்டாங்க. கோழியை ஒரு பார்வ பாத்தாங்க, என்னை ஒரு பார்வ பாத்தாங்க, சத்து மருந்து ஒரு பாட்டில் குடுத்து அனுப்பிட்டாங்க. நான்தான் அந்த எழுத்தாளருன்னு நான் சொல்லல. அவங்களுக்குக் கொரலை வச்சே தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு சாயங்காலம் மெசேஜ்ல ரெண்டு பேரும் கோழியைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. எங்கம்மா பொழுதன்னிக்கும் கோழியைத் தேடி தெருவையே திட்டிட்டு வந்து ஒக்காந்திருந்துது.

அதுக்கப்புறம் மூணு வாரம் போச்சு. ஒரு செவ்வாக்கெழமை காலையில அவங்ககிட்டேர்ந்து மெசேஜ். வர்ற ஞாயித்துக்கெழமை விழுப்புரத்துலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க, வூட்டுல இந்த எடத்தை முடிச்சுடணும்னு இருக்காங்க, அதனால பால் அம்மா கதையை அதுக்குள்ள முடிச்சுடுங்க சார், அப்புறம் கேக்க முடியுமோ என்னவோன்னு இருந்துது.

வெளிய வெயில்ல நெல்லு காயுது, அதை வெறிச்சுப் பாத்துக்கினு நின்னேன். அவங்க போயிட்டா நான் யாருக்கு இனிமே கதை சொல்றது? சரி, கேட்டுடணும். நேரா கேக்க தைரியம் வரல, அதனால கதைக்குள்ள கேக்கலாம்னு முடிவு பண்ணேன். பால் அம்மாகிட்ட ஒரு ஆளு வந்து கேக்குற மாதிரி. அசோசியேட்டு வேற அன்னிக்கு நாலு நிமிஷம் சீன் கொறையுது சார், கதாநாயகிக்குக் காய்ச்சல், வேற யாரையாவது வச்சு ஏதாவது பேசி அனுப்புங்கன்னு உசிரை எடுத்துக்கினு இருந்தாரு. பொறுய்யான்னு அவருக்கு ஒரு பதிலைத் தட்டிட்டு, கண்ணை மூடுனேன். ஃபோன்ல யாரோட மெசேஜ் பெட்டி தொறந்திருக்குன்னு பாக்கல. பேச ஆரம்பிச்சேன், கதைக்குள்ள நெஜம் வந்து பூந்துக்கிச்சு.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. அன்னிக்கு கோழியத் தூக்கிக்கினு வந்தேனே, அந்தக் கோழிக்கு ஒன்னுமில்ல. நல்லா தின்னுக்கினுதான் கெடந்துது. உங்களப் பாக்கணும்னுதான் தூக்கிக்கினு வந்தேன். எருமைக்கு ஊசி போட்டுட்டு, கையக் கழுவிக்கினு வந்து, கோழிய ஒரு பார்வ, என்ன ஒரு பார்வ பாத்தீங்களே, அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. ஞாயித்துக்கெழம ஒருத்தன் வரான்னீங்க. அவன் வர்றதுக்கு முந்தி நான் கேட்டுடறேன். உங்க கையில கயிறு அறுத்த தழும்பு கீதே, அந்தக் கையப் புடிச்சிக்கினு கடசி வரைக்கும் இருக்கணும். வரட்டுமா?"

மூச்சு மட்டும் வாங்கிக்கினு கொஞ்ச நேரம் இருந்துட்டு, விரலை எடுத்தேன். போயிடுச்சு. ஃபோனைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டு, கீழ வந்து, கேக்காமலே எங்கம்மாவுக்கு ரெண்டு கொடம் தண்ணி புடிச்சு ஊத்துனேன்.

மேல போயி பாத்தா அசோசியேட்டுகிட்டேர்ந்து டைப் அடிச்ச பக்கத்தைப் படம் புடிச்சு வந்திருக்குது. எங்க சீரியல்ல வர்ற கல்யாண வூட்டு சமையக்காரரு, வயசு அறுவது, தொப்பை மேல துண்டு கட்டிக்கினு கரண்டியோடவே திரியற ஆளு. அவரு பேருக்கு எதுத்தாப்புல என் நெஞ்சு மொத்தமும் வரி வரியா அடிச்சிருக்குது. எதிர்ல நிக்கிறது, வாசல்ல பூ விக்க வர்ற அம்மா. கடைசியில நான் மூச்சு வாங்குனதுக்கு, பூக்காரம்மா பதில் சொல்லவில்லை, பார்க்கிறார்னு போட்டு, அதோட எபிசோடு முடியுதுன்னு கோடு கிழிச்சிருக்குது.

ஃபோன் அடிச்சேன். எடுக்கல. ஷூட்டிங் நேரத்துல அணைச்சு வச்சிடுவாங்க. மறுபடி அடிச்சேன். எத்தினி தடவ அடிச்சேன்னு எனக்கே தெரியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரே கூப்புட்டு, சார், எடுத்தாச்சு, டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு, வெள்ளிக்கெழமை போகுதுன்னாரு. யோவ், பூக்காரம்மா எப்பய்யா எருமைக்கு ஊசி போட்டுது, உனக்கு அறிவு வேணாமான்னு கத்துனேன். அவரு ரொம்பப் பொறுமையா, எனக்கும் அந்த சந்தேகம் வந்துது சார், ஆனா ஒரு எழுத்தைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிருக்கீங்கன்னாரு. நான் அப்படியே படியில ஒக்காந்துட்டேன்.

புதங்கெழமை முழுக்க, வியாழக்கெழமை முழுக்க கெஞ்சிப் பாத்தேன். வெட்ட முடியாது, வெட்டுனா நாலு நிமிஷம் கொறையும்னுட்டாங்க. இப்ப அவங்ககிட்ட நேரா அனுப்பிடலாமேன்னு நீங்க கேப்பீங்க. எத்தினி தடவ விரலை வச்சேன் தெரியுமா? ஒரு தடவ வந்த தைரியம் அந்த சமையக்காரரோட போயிடுச்சு. கடைசியில நான் பண்ண வேலையை நெனைச்சா இன்னிக்கும் தலையில அடிச்சிக்கணும்னு தோணுது. வெள்ளிக்கெழமை எபிசோடு மட்டும் பாக்காதீங்க, சுத்த போருன்னு அவங்களுக்கு மெசேஜ் போட்டேன். எழுதுறவனே பாக்காதன்னு சொன்னா எந்த ரசிகை பாக்காம இருப்பா? அன்னிக்கு சீக்கிரமா வேலைய முடிச்சுட்டு வந்து, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணின்னு மொத்தக் குடும்பத்தையும் டிவி முன்னாடி ஒக்கார வச்சுட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வெள்ளிக்கெழமை ஏழரை. எங்கம்மா வழக்கம்போல அந்தச் சேனலைப் போட்டுது. நான் ரிமோட்டைப் புடுங்குனேன். அது திரும்பப் புடுங்குச்சு. உன் கால்ல கைல உழுவுறேம்மா, இன்னிக்கு ஒரு நாள்னு கெஞ்சுனேன். என் மூஞ்சைப் பாத்துட்டு குடுத்துடுச்சு. எட்டு வருஷத்துல எங்கம்மா என் சீரியலைப் பாத்த மொத நாள் அது.

சமையக்காரரா நடிக்கிறவரு மதுரைப் பக்கம். எங்க சேனல்ல யாரும் "கீது"ன்னு பேசக்கூடாது, எல்லாருக்கும் புரியற பொதுத் தமிழ்லதான் பேசணும்னு சட்டம். அவரு, கரண்டியக் கீழ வச்சுட்டு, மதுரை இழுவையில, "கயிறு அறுத்த தழும்பு கீதே"ன்னாரு. பூக்காரம்மாவா நடிச்ச அம்மா தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துது, பாவம், அங்க ஒரு தழும்பும் கெடையாது. அவ்ளோ அசிங்கமா இருக்கவேண்டிய எடம். ஆனா அந்த மனுஷன் கண்ணுல தண்ணி வச்சிக்கினு "வரட்டுமா"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கே மூக்கை உறிஞ்ச வேண்டியதாப் போச்சு. எழுதுன எனக்கே. பூக்காரம்மா மூஞ்சியில நிறுத்தி, தொடரும்னு போட்டுட்டாங்க.

எங்கம்மா ரொம்ப நேரம் டிவியையே பாத்துது. அப்புறம் மெதுவா, "ஏண்டா, அது நம்ம கோழியாடா?"ன்னு கேட்டுது.

நான் பதில் சொல்றதுக்குள்ள ஃபோன் கொட்ட ஆரம்பிச்சுது. கரும்புப் பெரியவர், வில்லனை விடுங்க தம்பி, மொதல்ல இவங்களுக்குக் கல்யாணத்தப் பண்ணி வைங்கன்னு போட்டிருந்தாரு. பாகூர் அம்மா சமையக்காரருக்காக அப்பவே ஜெபம் தொடங்கிட்டாங்க. எல்லாருக்கும் பூக்காரம்மா என்ன பதில் சொல்லும்னு தெரிஞ்சாகணும். நடுவுல, திருக்கனூர் நம்பர்லேர்ந்து மெசேஜ் இல்ல, ஃபோனே வந்துது. நாலு மாசத்துல அந்த நம்பர் என்னைக் கூப்புட்டதே இல்ல.

எடுத்தா ஆம்பளக் கொரல். பொண்ணோட அப்பா. பேசிக்கினே இருந்தாரு, நான் ம், ம்னுக்கினு இருந்தேன். உறுவையாத்துலேர்ந்து ஒருத்தன் நோவில்லாத கோழிய பஸ்ல தூக்கிக்கினு வந்த கதைய மூணு வாரமா தன் பொண்ணு வூட்டுல சொல்லிச் சொல்லி சிரிச்சுதாம். இன்னிக்கு டிவியில சமையக்காரன் கோழின்னதும் மொதல்ல அண்ணிக்காரி சிரிச்சாளாம். எருமைன்னதும் எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்களாம். தழும்புன்னதும் பொண்ணு எழுந்திரிச்சு வந்து அவரு காதுல ஏதோ சொல்லிட்டு, உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சாம். என்ன சொல்லுச்சுன்னு அவரு சொல்லல. அவரு கொரல்ல கோவம் இருக்குதா, வருத்தம் இருக்குதான்னு எனக்குப் பிடிபடல. கடைசியா, அவரும் ஒரு ரசிகர் கேக்குற மாதிரியே கேட்டாரு.

"திங்கக்கெழம அந்தம்மா இன்னா தம்பி பதில் சொல்லும்?"

"அத நான் இன்னும் எழுதலிங்க. எழுத வேண்டியவங்க உங்க வூட்டுல கீறாங்க."

அந்தப் பக்கம் டிவியில சோப்பு விளம்பரம் ஓடுது, எங்க வூட்லயும் அதே விளம்பரம் ஓடுது. கதவு தொறக்குற சத்தம் கேட்டுது. ஃபோன் கை மாறுச்சு.

"நாலு மாசமா பால் அம்மா கொரல்ல பேசுனீங்க. இன்னிக்கு சமையக்காரர் கொரல்ல பேசிட்டீங்க. உங்க கொரல்ல கேளுங்க."

எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க, அது எனக்கு நல்லாத் தெரியுது. ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க, அண்ணிக்காரி மூச்சு வாங்குறது கூட கேக்குது. இந்தப் பக்கம் எங்கம்மா என் முட்டியப் புடிச்சிக்கினு கீழ ஒக்காந்திருக்குது. நான் பழக்கத்துல கண்ணை மூடப் போனேன். மூடுனா வேற யாராவது வந்துடுவாங்களோன்னு பயந்து, முழிச்சிக்கினே இருந்தேன். வசனம் ஒன்னும் வரல. நல்லதா ஒரு வரி, ஒரே ஒரு வரி, வரமாட்டேங்குது.

"என்னக் கட்டிக்கிறீங்களா?"

அவ்ளோதான் வந்துது. அதையும் பாதியில திக்கிக்கினு கேட்டேன்.

"விழுப்புரத்துக்காரங்கள ஞாயித்துக்கெழம வரவேணாம்னு சொல்லிடுங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். தழும்புன்னு சொன்னப்பவே சொல்லிட்டேன்"னாங்க.

எங்கம்மா என் கையிலேர்ந்து ஃபோனை வாங்கி, முந்தானையில ஒரு தடவ தொடைச்சிட்டு, அப்ப ஞாயித்துக்கெழமை எத்தினி மணிக்கு நாங்க வரலாங்கன்னு கேட்டுது.